‘விவசாயி’ என்ற பெயரும் வெளியே நிற்கும் கூலித் தொழிலாளியும்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமைப்புகளின் பெயர் குறித்துப் பேசுவதற்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்கியிருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கொள்கை சரியாக இருந்தால் பெயர் எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. நமது இயக்கத்தின் முன்னோடிகள் அவ்வாறு கருதவில்லை. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னையில் தொடங்கிய கட்சியின் பெயர் இந்துஸ்தான் லேபர் கிசான் கட்சி. தொழிலாளியையும் விவசாயியையும் ஒரே பெயருக்குள் அவர் கொண்டுவந்தார். 1925 டிசம்பரில் அவரது தலைமையில் கான்பூரில் கூடிய மாநாட்டில், ‘இந்தியன் கம்யூனிஸ்ட் பார்ட்டி’ என்பதா, ‘கம்யூனிஸ்ட் பார்ட்டி ஆஃப் இந்தியா’ என்பதா என்று பெரும் வாதம் நடந்தது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் முதல் பெயரை வலியுறுத்திய சத்தியபக்தருக்கும் அதை மறுத்தவர்களுக்கும் இடையே இருந்தது இலக்கணத் தகராறு அல்ல. சர்வதேச இயக்கத்தின் ஓர் அங்கமாக இந்தியாவில் செயல்படும் கட்சியா, இந்தியாவுக்கே உரிய தனியொரு கட்சியா என்ற கேள்வியே அந்தப் பெயர்ச் சண்டையின் உள்ளடக்கம். இரண்டாவது பெயரே நிலைத்தது.

இன்று நாம் எடுத்துக்கொள்வது அதைவிட எளிமையாகத் தோன்றும் ஒரு சொல்லை. ‘விவசாயி’ என்ற சொல், இந்தியில் ‘கிசான்’. கிராமப்புறத்தில் நாம் நடத்தும் வெகுஜன அமைப்புகளில் விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் தனித்தனியே இயங்குகின்றன. ஆட்கள் குறைவு, ஊழியர்கள் குறைவு, இரண்டையும் இணைத்து ‘விவசாயிகள்’ என்ற பொதுப்பெயரில் ஒரே அமைப்பாக நடத்தினால் என்ன என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. ஊடகங்கள் அந்தப் பெயரைத்தான் அறிந்திருக்கின்றன, மக்கள் மதிப்பும் அந்தப் பெயருக்குத்தான் இருக்கிறது என்பது இந்த யோசனைக்குச் சொல்லப்படும் காரணம். இந்த யோசனையை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை வரலாற்றிலிருந்தே விளக்க முயல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாகுபடியாளர்கள் 12.73 கோடி, விவசாயத் தொழிலாளர்கள் 10.68 கோடி. 2011-இல் சாகுபடியாளர்கள் 11.88 கோடியாகக் குறைந்தனர். விவசாயத் தொழிலாளர்கள் 14.43 கோடியாக உயர்ந்தனர். சாகுபடியாளரைவிடக் கூலித் தொழிலாளி எண்ணிக்கையில் மிகுந்தது அந்தக் கணக்கெடுப்பில்தான் முதன்முறை. அதாவது, வயலில் உழைப்பவர்களில் பெரும்பான்மையோர் நிலத்துக்குச் சொந்தக்காரர்களாகவோ குத்தகைதாரர்களாகவோ இல்லை. அவர்களிடம் சென்று ‘விவசாயிகள் சங்கத்தில் சேருங்கள்’ என்று சொன்னால், அவர்கள் காதில் என்ன விழுகிறது?

நமது ஊர்களில் ‘அவர் விவசாயி’ என்றால் அவருக்கு நிலம் இருக்கிறது என்று பொருள். நிலமில்லாதவர் தன்னை விவசாயி என்று சொல்லிக்கொள்வதில்லை. ‘கூலி வேலைக்குப் போகிறேன்’ என்பார். பீகாரின் சமவெளிகளில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. அங்கே கிசானும் மஜ்தூரும் எதிரெதிரே நிற்கும் இரு சொற்கள். கூலி கொடுப்பவர் கிசான், வாங்குபவர் மஜ்தூர். கிசான் பெரும்பாலும் மேல்சாதியாகவோ நிலமுள்ள இடைநிலைச் சாதியாகவோ இருப்பார். மஜ்தூர் பெரும்பாலும் தலித்தாக இருப்பார். எனவே ‘கிசான் சபா’ என்ற பெயரைக் கேட்கும் மஜ்தூருக்கு அது தன் முதலாளியின் சங்கம் என்று தோன்றினால், அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அவர் தன் மொழியைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்.

இந்தப் பிரச்சனை அமைப்பு பிறந்த நாளிலிருந்தே உடன் வந்தது. 1929-இல் சுவாமி சகஜானந்த சரஸ்வதியின் தலைமையில் பீகார் மாகாண கிசான் சபா உருவானது. 1936 ஏப்ரல் 11 அன்று லக்னோவில் அகில இந்திய அமைப்பு பிறந்தபோது அவரே அதன் தலைவர். அதற்கு முதலில் சூட்டப்பட்ட பெயர் அகில இந்திய கிசான் காங்கிரஸ். பிறகே அது கிசான் சபா ஆனது. பீகாரில் அன்றைய முதன்மைப் போராட்டம் ஜமீன்தார்களுக்கு எதிரானது. ஜமீன்தாரிடம் நிலம் பெற்றுப் பயிரிட்ட குத்தகைதாரர்கள் அதன் முதுகெலும்பாக இருந்தனர். அவர்களில் வசதி படைத்தவர்களும் இருந்தனர். அவர்கள் தாங்களே கூலியாட்களை வைத்துப் பயிரிட்டனர். ஜமீன்தாருக்கு முன்னால் ஒடுக்கப்பட்டவர், கூலியாளுக்கு முன்னால் எஜமானர் என்ற இரட்டை நிலை அவர்களுக்கு இருந்தது.

இந்த இடைவெளியைப் பிறர் கண்டுகொள்ளத் தாமதிக்கவில்லை. 1937-இல் ஜெகஜீவன்ராம் பீகாரில் கேத் மஜ்தூர் சபாவை அமைத்தார். கிசான் சபாவை உடைப்பதற்காகக் காங்கிரசுக்குள் இருந்த நிலவுடைமையாளர்களின் ஆசியுடன் இது நடக்கிறது என்று கிசான் சபாவினர் குற்றம் சாட்டினர். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: ‘கேத் மஜ்தூர்’ என்ற பெயரைத் தலித் கூலித் தொழிலாளி ஏன் உடனே தன்னுடையதாக உணர்ந்தார்? நாம் வெறுமையாக விட்டிருந்த இடத்தில்தான் அந்தப் பலகை நாட்டப்பட்டது.

சகஜானந்தர் இதை எதிர்கொண்ட விதம் கவனத்திற்குரியது. 1941-இல் ஹசாரிபாக் சிறையில் இருந்தபோது ‘கேத் மஜ்தூர்’ என்ற தலைப்பிலேயே ஒரு நூலை எழுதினார். கூலித் தொழிலாளியும் கிசானே, நிலத்தை இழந்த கிசானே இன்றைய கூலி, இருவரையும் பிரிப்பது ஆள்வோருக்கே உதவும் என்பது அவரது வாதத்தின் சாரம். பொருளாதார வரலாறாகப் பார்த்தால் அதில் பெரும் பகுதி சரிதான். ஆனால் ‘நீயும் கிசான்தான்’ என்று சொல்வதால் மட்டும் ஒருவர் கிசானாகிவிடுவதில்லை. தலைமுறை தலைமுறையாக நிலத்தை வைத்திருக்கவே அனுமதிக்கப்படாத சாதியில் பிறந்தவரிடம், ‘நீ நிலத்தை இழந்தவன்’ என்று சொன்னால் அவருக்கு அது தன் கதையாகத் தோன்றாது. அவர் எதையும் இழக்கவில்லை. அவருக்கு எதுவும் கொடுக்கப்பட்டதே இல்லை. சாதி என்ற கூறு இந்த வாதத்தில் போதிய இடம் பெறவில்லை. எனினும் சகஜானந்தரின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். 1944 வாக்கில், நடுத்தர, பெரிய விவசாயிகளே பெரும்பாலும் சபாவில் இருக்கிறார்கள், தங்கள் நலனுக்காக அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று அவரே வெளிப்படையாகக் கூறினார். தான் கட்டிய அமைப்பைப் பற்றி இப்படிப் பேசும் தலைவர்கள் அரிது.

இதே பெயர் தஞ்சையில் வேறு விதமாகச் செயல்பட்டது. 1943-இல் பி. சீனிவாசராவ் அங்கு சென்று அமைப்புப் பணியைத் தொடங்கியபோது சங்கத்தின் பெயர் விவசாயிகள் சங்கம்தான். அதில் பண்ணையாட்களும் குத்தகை விவசாயிகளும் சேர்ந்தே திரண்டார்கள். பீகாரில் இடித்த பெயர் தஞ்சையில் ஏன் இடிக்கவில்லை? சங்கம் அங்கே முதலில் எழுப்பிய கோரிக்கைகள் பண்ணையாட்களின் கோரிக்கைகள். சாட்டையடி கூடாது, சாணிப்பால் புகட்டும் கொடுமை கூடாது, கூலி நெல்லைச் சரியான மரக்காலில் அளக்க வேண்டும். கேட்டவருக்கு ஐயமே எழவில்லை. மேலும், அந்தச் சங்கத்தை அதன் பதிவுப் பெயரால் யாரும் அழைக்கவில்லை. ‘செங்கொடிச் சங்கம்’ என்றே அழைத்தார்கள். 1952-இல் வந்த சட்டமும் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என இரு பிரிவினரையும் தனித்தனியே பெயர் சொல்லி அழைக்க வேண்டியதாயிற்று.

மக்கள் தாமே பெயரிடுவது தஞ்சைக்கு மட்டும் உரியதல்ல. 1928-இல் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களிடையே உருவான கிர்ணி காம்கார் யூனியனைத் தொழிலாளர்கள் ‘லால் பாவ்டா’, அதாவது செங்கொடி, என்றே அழைத்தனர். இதைப் போன்ற பெயரில் ஏற்கெனவே இன்னொரு சங்கம் இருந்ததால், எது எந்தச் சங்கம் என்று பிரித்தறியவும் கொடியின் நிறம் உதவியது. ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் வந்தது. 2009-இல் அதற்குக் காந்தியின் பெயர் சேர்க்கப்பட்டது. நம் ஊர்ப் பெண்கள் எந்த நீண்ட பெயரையும் சொல்லவில்லை. ‘நூறு நாள் வேலை’ என்றார்கள். அந்தச் சொல்லில் உரிமையின் அளவே அடங்கியிருந்தது. அதிகாரி எண்பது நாளோடு நிறுத்தினால் மீதி இருபது நாள் எங்கே என்று கேட்பதற்கு அந்தப் பெயரே ஆயுதமாயிற்று.

பெயரின் வலிமையை நம்மைவிட எதிரிகள் நன்கு அறிந்திருக்கிறார்கள். கீழத்தஞ்சையின் மிராசுதார்கள் 1960-களில் அமைத்த சங்கத்துக்கு மிராசுதார் சங்கம் என்று பெயர் வைக்கவில்லை. ‘நெல் உற்பத்தியாளர்கள் சங்கம்’ என்று வைத்தார்கள். நாற்று நட்டவர், களை பறித்தவர், கதிர் அறுத்தவர், களத்தில் அடித்தவர் எவரும் உற்பத்தியாளர் இல்லையாம்; வரப்பில் குடை பிடித்து நின்றவர் உற்பத்தியாளராம்! செங்கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் சங்கத்தில் சேருமாறு தொழிலாளர்களை அவர்கள் நிர்ப்பந்தித்தார்கள். கூடுதலாக அரைப்படி நெல் கூலி கேட்டு உறுதியாக நின்ற கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, குடிசைக்குள் அடைபட்ட 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், உயிரோடு எரிக்கப்பட்டனர். நெல் உற்பத்தியாளர்கள் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோர் 1973-இல் உயர்நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர்.

பீகாரிலும் இதுவே நடந்தது. 1997 டிசம்பர் 1 இரவு லட்சுமண்பூர் பாத்தேயில் 58 தலித் மக்களைக் கொன்று குவித்தது ரண்வீர் சேனை. அதன் தலைவன் பிரம்மேஸ்வர் சிங் சிறையிலிருந்து வெளிவந்த பின் 2012-இல் தொடங்கிய அமைப்பின் பெயர் அகில பாரதிய ராஷ்டிரவாதி கிசான் சங்கடன். தேசியவாத விவசாயிகள் அமைப்பாம். ‘விவசாயி’ என்ற சொல்லுக்கு நாட்டு மக்களிடம் உள்ள மதிப்பு இரத்தக்கறையை மறைக்கும் போர்வையாகவும் பயன்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நாம் அந்தச் சொல்லை விளக்கமின்றிப் பயன்படுத்தினால், பீகார் கிராமத்துக் கூலித் தொழிலாளி நம் பலகையையும் அந்தப் பலகையையும் எதைக் கொண்டு வேறுபடுத்துவார்?

ஒன்றிய அரசும் இந்தச் சொல்லைத் தனக்கு வசதியானபடி விரிக்கிறது, சுருக்குகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான ஆணையத்தின் பணியை ஒட்டி 2007-இல் வெளியான தேசிய விவசாயிகள் கொள்கை, விவசாயத் தொழிலாளர், குத்தகைதாரர், பங்கு சாகுபடியாளர் அனைவரையும் ‘விவசாயி’ என்ற வரையறைக்குள் சேர்த்தது. காகிதத்தில் நல்ல வரையறை. 2019-இல் பிரதமர் கிசான் சம்மான் நிதி அறிவிக்கப்பட்டபோது அந்த வரையறை எங்கே போனது? ஆண்டுக்கு 6,000 ரூபாய், நிலம் தன் பெயரில் உள்ள குடும்பத்துக்கு மட்டும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் வசிப்பவர் கிசான். அந்த நிலத்தை உழுபவர் கிசான் அல்ல. சாவுக் கணக்கிலும் இந்தப் பிரிவினை உண்டு. தேசியக் குற்றப் பதிவேட்டு நிறுவனத்தின் 2022 கணக்கில் விவசாயத் துறையில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 11,290 பேர். அவர்களில் 5,207 பேர் சாகுபடியாளர்கள்; 6,083 பேர் விவசாயத் தொழிலாளர்கள். ‘விவசாயிகள் தற்கொலை’ என்று நாம் மேடையில் முழங்கும்போது, அந்த 6,083 பேரின் குடும்பங்களுக்கு எந்தக் கோரிக்கையை முன்வைக்கிறோம்? கடன் தள்ளுபடியா? கூட்டுறவு வங்கியில் அவர்கள் பெயரில் கடனே இருக்காது. கந்துவட்டிக்காரரிடமும் நுண்கடன் நிறுவனத்திடமும்தான் இருக்கும்.

கூலித் தொழிலாளிக்குத் தனிச் சங்கம் வேண்டும் என்ற முடிவை இடதுசாரி இயக்கம் எளிதாக எடுக்கவில்லை. குட்டநாட்டின் காயல் நிலங்களில் 1939-இலேயே திருவிதாங்கூர் கர்ஷகத் தொழிலாளி யூனியன் உருவாகிவிட்டது. மலையாளத்தில் ‘கர்ஷகன்’ வேறு, ‘கர்ஷகத் தொழிலாளி’ வேறு என்பது பெயரிலேயே தெளிவாயிற்று. 1974-இல் கேரள விவசாயத் தொழிலாளர் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்த மரபு இருக்கிறது. ஆனால் அகில இந்திய அளவில் பாரதிய கேத் மஜ்தூர் யூனியன் பஞ்சாபின் மோகாவில் தோன்ற 1968 வரை ஆயிற்று; அகில இந்திய விவசாயத் தொழிலாளர் சங்கம் தோன்ற 1982 வரை ஆயிற்று. கிசான் சபா பிறந்ததிலிருந்து கணக்கிட்டால் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு மேல்.

தனிப்பெயரால் சங்கடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி, கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போகும் சங்கத்தைத் தனக்கு எதிரான சங்கமாகப் பார்க்கிறார். உரம், டீசல் விலை ஏற்றமும் நெல்லுக்குக் கட்டாத விலையும் அவர் கழுத்தை நெரிக்கின்றன. அந்தக் கோபம் கூலி கேட்பவர் மீது திரும்புகிறது. பெரிய நிலவுடைமையாளர் இதைத் தூண்டிவிடுகிறார். அரை ஏக்கரும் வைத்துக்கொண்டு கூலிக்கும் போகிறவர் எந்தச் சங்கத்தில் சேருவது என்று தடுமாறுகிறார். இவையெல்லாம் உண்மையான இடர்ப்பாடுகள். ஆனால் முரண்பாடு வயலில் இருக்கிறது. பெயரை இணைத்தால் அது மறையாது, மறைந்திருக்கும்.

2020-21 தில்லி எல்லைப் போராட்டம் இதைத் தெளிவாகக் காட்டியது. சிங்கு, டிக்ரி, காசிப்பூர் எல்லைகளில் ஏறத்தாழ ஓராண்டு நின்று, மூன்று சட்டங்களையும் திரும்பப் பெறுவதாக 2021 நவம்பர் 19 அன்று பிரதமரையே அறிவிக்கச் செய்த அந்தப் போராட்டம் நம் காலத்தின் பெருமை. அங்கே ஓயாது ஒலித்த முழக்கம் ‘கிசான் மஜ்தூர் ஏக்தா ஜிந்தாபாத்’. அத்தியாவசியப் பொருள் சட்டத் திருத்தம் பொது விநியோகத்தைக் குலைத்துவிடும் என்பதால், கூலித் தொழிலாளிக்கும் அந்தப் போராட்டத்தில் நேரடி அக்கறை இருந்தது. ஆயினும் அதே 2020 ஜூன் மாதத்தில், புலம்பெயர் தொழிலாளர் கிடைக்காத நிலையில், பஞ்சாபின் பல கிராமங்களில் நடவுக் கூலிக்கு உச்சவரம்பு விதித்து ஊராட்சிகள் தீர்மானம் போட்டன. மீறினால் அபராதம், ஊர்விலக்கு என்ற மிரட்டல்களும் எழுந்தன. அந்தக் கிராமத் தலித் தொழிலாளி சில மாதங்களுக்குப் பின் ‘ஏக்தா’ என்ற சொல்லைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார்? போராட்டத்தில் நின்ற சில விவசாய அமைப்புகள் இதை உணர்ந்து, தொழிலாளர் சங்கங்களோடு கைகோத்துத் தலித் குடியிருப்புகளுக்குச் சென்றன. அது நல்ல முன்மாதிரி. இரு பெயர்கள் இருந்ததால்தான் கைகோக்கவும் முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

பஞ்சாபின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் தலித் மக்கள். அவர்களிடம் உள்ள நிலவுடைமைகள் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. ஊராட்சிப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலித் மக்களுக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்பது அங்கே சட்டம். நடைமுறையில் பினாமி பெயரில் நிலவுடைமையாளர்களே ஏலம் எடுத்துவந்தனர். 2014-இல் சங்ரூர் பகுதியில் எழுந்த அமைப்பு தன் பெயரில் கிசானையும் வைக்கவில்லை, மஜ்தூரையும் வைக்கவில்லை. ‘ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி’ என்று வைத்தது: நிலம் பெறும் போராட்டக் குழு. கோரிக்கையே பெயர். அந்த அமைப்பின் அரசியலில் நமக்கு எல்லாம் உடன்பாடு என்பதில்லை. ஆனால் இளம் தலித் பெண்கள் அதில் திரண்ட வேகத்தை நாம் படிக்க வேண்டும்.

பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘விவசாயி’ என்றதும் நம் சுவரொட்டி ஓவியர் வரைவது தலைப்பாகை கட்டிய ஆணை. 2011 கணக்கெடுப்பில் விவசாயத் தொழிலாளர்களில் பெண்கள் மட்டும் 6 கோடிக்கு மேல். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான். உறுப்பினர் படிவத்தில் ‘தகப்பனார் அல்லது கணவர் பெயர்’, ‘நிலம் எத்தனை ஏக்கர்’ என்று கேட்டுவிட்டு, பெண்கள் ஏன் சேரவில்லை என்று மாநாட்டு அறிக்கையில் வருந்துவதில் பொருளில்லை.

இன்னொரு யோசனையும் பேசப்படுகிறது. விவசாயத்தில் வேலை நாட்கள் சுருங்கிவிட்டன. அறுவடை எந்திரம் வந்துவிட்டது. நம் உறுப்பினர் ஆண்டில் சில வாரம் வயலிலும், பிறகு கட்டுமானத்திலும், செங்கல் சூளையிலும், திருப்பூரிலும் இருக்கிறார். எனவே ‘கிராமப்புறத் தொழிலாளர்’ என்று பெயரை விரிக்கலாம் என்பது அந்த யோசனை. இதில் எனக்கு அடிப்படை எதிர்ப்பு இல்லை. நிலைமை உண்மையிலேயே மாறியிருக்கிறது. ஆனால் பெயர் விரிந்து கோரிக்கைப் பட்டியல் பழையபடியே இருந்தால், கட்டுமானத் தொழிலாளி ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். நல வாரியப் பதிவு, குடிமனைப் பட்டா, நுண்கடன் வசூல் அடாவடி ஆகியவற்றில் கிளை தலையிட்டுச் செயல்படத் தொடங்கிய இடங்களில் பெயர் மாற்றத்தைப் பரிசீலிக்கலாம். மற்ற இடங்களில் அவசரம் வேண்டாம்.

எனவே வரும் உறுப்பினர் பதிவுக்கு முன் ஒவ்வொரு கிளையும் ஒரு சிறு வேலையைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குடியிருப்புகளுக்குச் சென்று, ‘எங்கள் சங்கம் யாருடைய சங்கம் என்று நினைக்கிறீர்கள்?’ என்று சங்கத்தில் இல்லாதவர்களிடம் கேளுங்கள். உறுப்பினர்களிடம் கேட்க வேண்டாம். அவர்கள் நாம் விரும்பும் பதிலையே சொல்வார்கள். வரும் பதில்களைத் திருத்தாமல், அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி மாவட்டக் குழுவுக்கு அனுப்புங்கள். இணைப்பு, பெயர் மாற்றம் பற்றிய விவாதத்தை அந்தத் தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு நடத்துவோம்.